ஆறேகால் சென்ட் நிலமும் ஆறு மாதக் காய்கறியும்

தறியில் அமர்ந்து உழைப்பவருக்கும் ஏர் பிடித்து உழைப்பவருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. கூலி வரும் நாளும் செலவு வரும் நாளும் ஒருபோதும் ஒத்து வருவதில்லை. நூல் விலை ஏறினாலும், நெய்த துணி தேங்கினாலும் நெசவாளர் வீட்டு அடுப்பே முதலில் தணிகிறது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் விலை வீழ்ந்தால் உழவரின் நிலையும் அதுவே. இக்கவலையைத் தணித்துக்கொள்ள இங்கிலாந்து நாட்டுத் தொழிலாளர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டுவரும் ஒரு வழியைப் பற்றி இங்குக் காண்போம். அது பெரிய திட்டம் அன்று. ஆறேகால் சென்ட் நிலமும், அதில் விளைந்ததைக் குளிர்காலம் முடியும்வரை கெடாமல் காக்கும் பக்குவமுமே அது.

அந்நாட்டில் 'அலாட்மென்ட்' என்று வழங்கும் இந்நிலத்தை நாம் பங்குத் தோட்டம் எனலாம். வீட்டோடு சேர்ந்த தோட்டம் அன்று இது. ஊரின் ஓரத்திலோ, இருப்புப் பாதையின் அருகிலோ உள்ள பொதுவான நிலத்தைச் சிறு பங்குகளாக வகுத்து, குடும்பத்துக்கு ஒன்றாகக் குறைந்த வாடகைக்கு விடுகிறார்கள். பழைய அளவையில் 'ராட்' என்பது ஐந்தரைக் கெஜ நீளமுள்ள கோல். அக்கோலால் அளந்த பத்துச் சதுரக் கோல் நிலம் ஒரு முழுப் பங்கு. ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பகுதி. ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் சென்ட்.

வேலிகள் எழுந்த காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறாண்டுக் காலம் இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேகமாக மறைந்தன. ஊரார் மாடு மேய்த்த புல்வெளியும் விறகு பொறுக்கிய புறம்போக்கும் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஆயிரக்கணக்கான சட்டங்களால் வேலியிடப்பட்டுத் தனியாருடைமை ஆயின. கூலியோடு ஒரு பசுவும் சிறு கொல்லையும் வைத்துக் காலந்தள்ளிய எளியவர்கள் கூலி ஒன்றையே நம்பி நிற்க நேர்ந்தது. அதே காலத்தில் விசைத்தறியும் வந்தது. கைத்தறியாளரின் கூலி ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது.

ஏழைகளுக்குப் பயிரிடச் சிறிது நிலமேனும் விடவேண்டும் என்ற குரல் அப்போது எழுந்தது. வில்ட்ஷயர் வட்டாரத்தில் கிரேட் சோமர்போர்டு என்னும் சிற்றூரில் 1809-ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்ட நிலம் இத்தகைய தோட்டங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. பின்னலாடைக்கும் சரிகைப் பின்னலுக்கும் பெயர் பெற்ற நாட்டிங்ஹாம் நகரில் செயின்ட் ஆன்ஸ் என்னுமிடத்தில் 75 ஏக்கர் பரப்பில் உள்ள பழந்தோட்டங்கள் இன்றும் பயிரிடப்படுகின்றன.

கூட்டுறவாளராகிய நாம் மறக்கலாகாத ஊர் ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. அது ரோச்டேல். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் டோட் சந்தில் 28 பேர் 28 பவுன் மூலதனத்துடன் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். அவர்களுள் கம்பளித் துணி நெய்தவர் பலர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சில்லறைப் பண்டங்களே அங்கு விற்பனைக்கு இருந்தன. இவ்வளவும் யாவரும் அறிந்ததே. ஆனால் அம்முன்னோடிகள் எழுதிவைத்த நோக்கங்களுள் மற்றொன்றும் இருந்தது. சங்கம் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ வேண்டும். வேலையிழந்த அங்கத்தினரும், உழைப்புக்கேற்ற கூலி பெறாத அங்கத்தினரும் அதில் பயிரிட வேண்டும் என்பதே அது. கடை உலகப் புகழ் பெற்றது. நிலத்தைப் பற்றிய நோக்கம் அத்துணை பேசப்படவில்லை. எனினும் நெசவாளர் தொடங்கிய முதற்பெருங் கூட்டுறவு, தறியையும் மண்ணையும் இணைத்தே எண்ணியது என்பது நம் நெஞ்சில் நிற்க வேண்டிய செய்தியாகும்.

கருணையாகக் கிடைத்தது உரிமையானது

தொடக்கத்தில் பங்குத் தோட்டம் நிலவுடைமையாளரின் கருணையைப் பொறுத்திருந்தது. கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். 1887-ஆம் ஆண்டிலும் 1908-ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்கள் இந்நிலையை மாற்றின. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் ஊரில் வாக்காளரோ வரி செலுத்துவோரோ ஆறு பேர் சேர்ந்து எழுத்து மூலம் கேட்டால், அவ்வூர் மன்றம் அதை ஆராய வேண்டும். தேவை இருப்பதாகக் கண்டால் போதிய நிலம் அளிக்கவேண்டும். தனியொருவரின் விண்ணப்பமாக அன்றி, ஆறு பேர் கூடிக் கேட்கும் கோரிக்கையாக இது அமைந்திருப்பதைக் கவனித்தல் வேண்டும். தோட்டத்துக்கென்றே மன்றம் வாங்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ கூடாது என 1925-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளித்தது.

1939-இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது இச்சிறு நிலங்களின் அருமை நாட்டுக்கே புலப்பட்டது. கடல் வழியே வந்துகொண்டிருந்த உணவு தடைப்பட்டது. அண்டை நாட்டிலிருந்து வந்த வெங்காயம் நின்றுபோகவே, பரிசுச் சீட்டில் ஒரு வெங்காயத்தைப் பரிசாக வைக்கும் நிலையும் அந்நாட்களில் உண்டாயிற்று. 'வெற்றிக்காகத் தோண்டுங்கள்' என்ற முழக்கத்துடன் அரசாங்கமே மக்களை மண்வெட்டி எடுக்க அழைத்தது. ஏறக்குறைய எட்டு லட்சமாக இருந்த பங்குத் தோட்டங்கள் 1943-க்குள் பதினான்கு லட்சம் அளவுக்குப் பெருகின. தொண்ணூறு அடி நீளமும் முப்பது அடி அகலமும் கொண்ட ஒரு பங்கில் எந்தப் பயிரை எங்கு, எப்போது இடுவது என்று படம் வரைந்து துண்டுப் பிரசுரங்கள் வீடுதோறும் எட்டின.

பயிர் வைக்கும் ஒழுங்கு

நிலம் சிறிது, ஆகவே ஒழுங்கு பெரிது. பங்கை மூன்றாகப் பிரிப்பது பழைய வழக்கம். ஒன்றில் உருளைக்கிழங்கும் மற்றக் கிழங்குகளும். ஒன்றில் பட்டாணி, அவரை, வெங்காயம். ஒன்றில் முட்டைகோஸ் இனங்கள். அடுத்த ஆண்டு ஒவ்வொன்றும் இடம் மாறும். மூன்றாண்டுக்கு ஒருமுறையே ஒரு பயிர் தன் பழைய இடத்துக்குத் திரும்புவதால் மண்ணில் தங்கும் நோயும் புழுவும் பெருகுவதில்லை. அவரை இனம் வேரில் சேர்த்துவைக்கும் தழைச்சத்து அடுத்து வரும் முட்டைகோசுக்கு உரமாகிறது.

உருளைக்கிழங்கைப் பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டி நடுவார்கள். தொழிலாளிக்கு அன்று விடுமுறை என்பதே அவ்வழக்கத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வெங்காயம் மார்ச்சு, ஏப்ரலில் ஊன்றப்படும். 'ரன்னர் பீன்ஸ்' என்னும் கொடியவரை, உறைபனி நீங்கிய பிறகு மே மாதத்தில் விதைக்கப்பட்டு, எட்டடிக் கழிகளைப் பற்றி ஏறும். தக்காளி, பீட்ரூட், காரட், பூசணி இனத்தைச் சேர்ந்த 'மாரோ' ஆகியவை இடையிடையே இடம் பெறும்.

ஜூலை வரை தோட்டம் வீட்டுக்கு அளவாகவே கொடுக்கும். ஆகஸ்டு பிறந்தால் நிலைமை வேறு.

மிகுதியின் தொல்லை

நம் நாட்டில் ஒரு பயிர் ஓய்ந்தால் மற்றொன்று தொடரும். அந்நாட்டில் அவ்வாறு இயலாது. வெயிலும் நீண்ட பகலும் சில மாதங்களே. ஆகவே ஆறு மாத உழைப்பின் பயன் ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய இரு மாதங்களில் ஒருசேரக் குவிகிறது. கொடியவரையை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். பறிக்காவிடில் காய் நாரேறும். விதை முற்றத் தொடங்கியதும் கொடி பூப்பதை நிறுத்திவிடும். விரல் நீளத்தில் பறிக்கவேண்டிய பிஞ்சு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் முழங்கை அளவு பருத்துக் கிடக்கும். அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாமென்றால் அவர்கள் தோட்டத்திலும் அதுவே மிகுதி.

இதற்கிடையில் நோயும் காத்திருக்கிறது. ஆகஸ்டு மாதத்து ஈரப்புழுக்கத்தில் இலைக்கருகல் நோய் தோன்றினால் தக்காளிச் செடிகள் சில நாட்களிலேயே கருகிவிடும். உருளைக்கிழங்கைப் பற்றினால் தண்டை அறுத்து அப்புறப்படுத்தி, இரண்டு வாரம் கழித்தே கிழங்கைத் தோண்ட வேண்டும். இல்லையேல் நோய்க்கரு கிழங்கிலும் ஒட்டிச் சேமிப்பு முழுவதையும் அழுக்கிவிடும். அக்டோபரில் உறைபனி இறங்கும். அதற்குள் வீட்டுக்குள் வராத மென்காய் அனைத்தும் வீணே. விளைவித்த குடும்பத்தின் குளிர்கால உணவு இந்த ஆறேழு வாரங்களில்தான் தீர்மானமாகிறது. ஏப்ரலில் நட்ட கையைவிட, செப்டம்பரில் காத்த கையே சனவரியில் சோறு போடுகிறது என்று கூறினால் மிகையாகாது.

காக்கும் வழிகள்

நம் பெண்மணிகளுக்குச் சித்திரை வெயிலே பெரிய துணை. சுண்டைக்காயும் மிளகாயும் கொத்தவரையும் மோரிலோ உப்பிலோ ஊறி, மொட்டை மாடியில் நாலு நாளில் வற்றலாகிவிடும். இங்கிலாந்தின் செப்டம்பர் வெயிலுக்கு அந்த வலிமை இல்லை. காற்றிலும் ஈரம் மிகுதி. எனவே வெயில் செய்யும் வேலையை அவர்கள் உப்பு, காடி, சர்க்கரை, குளிர்ந்த மண் ஆகிய நான்கிடமும் ஒப்படைத்தார்கள்.

முதலாவது மண். காரட்டையும் பீட்ரூட்டையும் இலை நீக்கி, கழுவாமல், பெட்டியில் இலேசான ஈரமணலுக்கிடையே ஒன்றையொன்று தொடாதபடி அடுக்குவார்கள். பீட்ரூட்டின் இலையைக் கத்தியால் வெட்டாமல் கையால் முறுக்கி எடுக்கவேண்டும். வெட்டினால் சாறு ஒழுகிக் கிழங்கு வதங்கும். உருளைக்கிழங்கை உலர்ந்த தரையில் குவித்து, வைக்கோல் போர்த்தி, அரை அடி கனத்துக்கு மண் மூடி, உச்சியில் காற்றுப்போக்குக்காக ஒரு பிடி வைக்கோலைச் செருகிவைப்பது பழைய முறை. சாக்கில் கட்டி இருட்டறையில் வைப்பதும் உண்டு. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சை நிறமேறி நஞ்சாகும். வெங்காயத்தின் தாள் தானே சாய்ந்த பின் பிடுங்கி, கழுத்து நன்கு காயும்வரை உலர்த்தி, சடையாகப் பின்னித் தொங்கவிடுவார்கள். லீக்ஸ், பார்ஸ்னிப் போன்றவற்றைத் தோண்டவே வேண்டுவதில்லை. குளிர்காலம் முழுவதும் நிலமே அவற்றுக்குப் பண்டசாலை.

இரண்டாவது உப்பு. கொடியவரைக்கு இதுவே வழி. மூன்று ராத்தல் காய்க்கு ஒரு ராத்தல் கல்லுப்பு என்பது கணக்கு. இளங்காயை நறுக்கி, உப்பு ஒரு படலம், காய் ஒரு படலம் என மாற்றி மாற்றிச் சாடியில் அழுத்தி நிரப்புவார்கள். சில நாட்களில் காய் நீர்விட்டு அமிழும். மேலும் காயும் உப்பும் இட்டு நிரப்பி மூடுவார்கள். உப்பைக் குறைத்தால் சாடி முழுவதும் வழுவழுப்பாகிக் கெடும். ஆகவே சிக்கனம் இங்குச் செல்லாது. சமைக்குமுன் பலமுறை கழுவி, நீரில் ஊறவைத்தால் உப்பு இறங்கும்.

மூன்றாவது காடி. இங்கே நம் நாட்டுக்கும் அவர்களுக்கும் ஓர் உறவு உண்டு. இந்தியாவிலிருந்து சென்ற 'சட்னி' என்ற சொல் அந்நாட்டில் வேறொரு பொருளைப் பெற்றது. நமக்குச் சட்னி அன்றைக்கு அரைத்து அன்றைக்கே உண்பது. அவர்களுக்கோ மாதக்கணக்கில் இருக்கும் ஊறுகாய் வகை. உறைபனிக்கு முன் பழுக்காமல் நின்றுவிட்ட பச்சைத் தக்காளி இதற்கென்றே பிறந்தது போலும். ஒரு கிலோ பச்சைத் தக்காளிக்கு அரைக் கிலோ வெங்காயம், அரைக் கிலோ சர்க்கரை, அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான காடி, இஞ்சி, கடுகு, உப்பு ஆகியன சேர்த்து, இரண்டு மணி நேரம் சிறுதீயில் கிளறுவார்கள். மரக் கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் நிற்கவேண்டும், அதுவே பதம். சூடேற்றிய புட்டிகளில் நிரப்பி, இரண்டு மூன்று மாதம் தொடாமல் வைத்தால் காடியின் கூர்மை அடங்கிச் சுவை முதிரும். காடியின் புளிப்பு வெறும் உலோக மூடியை அரிக்குமாதலால் உட்பூச்சுள்ள மூடியே தேவை.

நான்காவது சர்க்கரை. பிளம்ஸ் போன்ற பழத்துக்குச் சம எடை சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் 104 டிகிரி வெப்பத்தை எட்டும்போது ஜாம் உறையும் பதம் வரும். குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழவேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. புளிப்பில்லாத காய்களை, அதாவது அவரை, பட்டாணி, காரட் முதலியவற்றை, வெறும் நீருடன் புட்டியிலிட்டுக் கொதிநீரில் வைத்து மூடுவது பேராபத்து. 'பாட்டுலிசம்' என்னும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்து கொதிநீரில் சாவதில்லை. காற்றுப் புகாத புட்டியில் அது வளரும். உணவின் நிறமும் மணமும் மாறாமலே நஞ்சேறியிருத்தல் கூடும். போதிய காடியில் இட்டவையும் பழங்களும் தம் புளிப்பினாலேயே காக்கப்படுகின்றன. புளிப்பில்லாதவற்றுக்கு அதற்கென அமைந்த அழுத்தக் கொப்பரையும், அதற்குரிய கால அளவும் வேண்டும். இவை இல்லாதவர் உப்பையோ, உலர்த்தலையோ, குளிர்பெட்டியின் உறைநிலையையோ நாடுதலே அறிவுடைமை.

கூடிக் காத்த வரலாறு

மேற்சொன்ன வழிகளைப் படிக்கும்போதே ஓர் உண்மை புலனாகும். விதைப்பதும் நீர் பாய்ச்சுவதும் ஒரு குடும்பத்தால் தனித்துச் செய்யக்கூடியவை. ஒரே வாரத்தில் குவியும் விளைச்சலைக் காப்பதற்கோ பெரிய பாத்திரம், எரிபொருள், புட்டி, சர்க்கரை, பல கைகள், பயின்ற ஒருவரின் மேற்பார்வை ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் வேண்டும். எளிய குடும்பத்தில் இவை யாவும் ஒருங்கே இருப்பது அரிது.

1940-ஆம் ஆண்டு கோடையில் இது நாடு தழுவிய சிக்கலாக எழுந்தது. பழம் மிகுதியாகக் காய்த்தது. சர்க்கரையோ பங்கீட்டில் இருந்தது. மரத்தடியில் பழம் அழுகுவதைக் காண ஊரார் மனம் பொறுக்கவில்லை. 1915-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தொடங்கி நாடெங்கும் கிளைத்திருந்த மாதர் சங்கங்கள் இப்பணியை மேற்கொண்டன. உணவு அமைச்சகத்திடம் வாதாடிச் சர்க்கரை பெற்றன. ஊர் மண்டபங்களிலும் பண்ணை வீட்டுச் சமையலறைகளிலும் பாதுகாப்பு நிலையங்கள் அமைந்தன. டின்னில் அடைக்கும் கைப்பொறிகள் அமெரிக்காவிலிருந்து வந்தன. 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேற்பட்ட பழம் இவ்வாறு காக்கப்பட்டது.

இதில் மனக்குறையும் இல்லாமலில்லை. காய்ச்சிய ஜாமை உழைத்த மாதரே தம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அது கடைகளுக்குப் போய்ப் பங்கீட்டு முறையில் ஊராருக்கு விற்கப்பட்டது. காய்ச்சியவரும் தம் பங்கீட்டுச் சீட்டைக் காட்டியே வாங்கவேண்டும். தம் தோட்டத்துப் பழத்தில், தம் கையால் ஆன பண்டத்தை விலைகொடுத்து வாங்குவது எளிதன்று. எனினும் பணி நிற்கவில்லை. கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணம் எனலாம். பொதுப் பண்டத்தில் கை வைப்பதற்குச் சிறு விலக்கு அளித்தாலும் நம்பிக்கை குலையும் என்பதைச் சங்கம் நடத்தும் நாம் நன்கறிவோம்.

போருக்குப் பின்னும், இன்றும்

உணவுப் பங்கீடு 1954-ஆம் ஆண்டு முற்றும் நீங்கியது. கடைகளில் டின்களும் பின்னர் உறைபனிக் காய்களும் நிறைந்தன. 1960-களில் பல பங்குகள் தரிசாகக் கிடந்தன. பல நிலங்கள் வீடு கட்டப் போயின. சட்டத்தின் காப்பும், தோட்டக்காரர் சங்கங்களின் விழிப்பும் இருந்த இடங்களிலேயே அவை தப்பின. இன்று காலம் மீண்டும் திரும்பியிருக்கிறது. விலைவாசி உயர்வும் நஞ்சில்லா உணவின்மேல் எழுந்த விருப்பமும் மக்களை மண்ணிடம் அழைத்துவருகின்றன. பங்குத் தோட்டம் வேண்டிப் பெயர் பதிந்து காத்திருப்போர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர். சில ஊர்களில் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்கிறது. கைவிட்ட நிலத்தை மீட்பது, காத்த நிலத்தைப் பேணுவதைவிட எத்துணை கடினம் என்பதற்கு இது சான்று.

நாம் கொள்ளத்தக்கது

இங்கிலாந்தின் குளிரும் சட்டமும் நமக்கில்லை. அவர்களுக்கில்லாத வெயில் நமக்கு உண்டு. ஆயினும் மிகுதியின் தொல்லை இரு நாட்டுக்கும் ஒன்றே. தக்காளி விலை சரியும் நாட்களில் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விடப்படும் பழத்தை நம்மில் காணாதவர் யார்? சில வாரங்களுக்குப் பின் அதே தக்காளியை எட்டாத விலை கொடுத்து வாங்குவதும் நாமே அன்றோ?

சங்கத்தின் வளாகத்தில் வெறுமையாக உள்ள நிலம், ஆளுக்கு ஆறு சென்ட் இல்லாவிடினும் ஆளுக்கு அரை சென்ட் தரக்கூடும். அதைவிட முக்கியமானது, அறுவடைக் காலத்துக்கென ஒரு பெரிய பாத்திரமும், உலர்த்தும் தட்டுகளும், சுத்தமான ஒரு கொட்டகையும் பொதுவில் இருப்பது. நூலைச் சேர்ந்து வாங்கவும் துணியைச் சேர்ந்து விற்கவும் பழகிய கைகளுக்கு, காயைச் சேர்ந்து உலர்த்துவது புதிய வித்தை ஆகாது. எடை போட்டு வாங்கி, கணக்கெழுதி, எடைக்கேற்பப் பிரித்தளித்தால் போதும். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கும் நாட்களில், பானையில் உள்ள வற்றலும் சாடியில் உள்ள ஊறுகாயும் கடன்காரரைத் தேடிப் போகாமல் ஒரு குடும்பத்தைக் காக்கும்.

ரோச்டேல் நெசவாளர் தம் கடைக்குள் நான்கைந்து பண்டங்களையே வைத்துத் தொடங்கினர். நாமும் இந்தப் பருவத்தில் ஒரு காயை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிப் பார்க்கலாம்.